வாசற்காலுக்கு வைத்த பொட்டு

1

இலங்கை மலையகத்தில், பதுளையிலும் தெமோதரையிலும் இருந்து இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் லண்டனில் இல்லை. ஊரில் என்னை "லண்டன்காரர்" என்கிறார்களாம். பதுளையில் இருப்பவனைக் கொழும்புக்காரன் என்று சொன்னால் எவ்வளவு சரியோ, அவ்வளவுதான் இதுவும் சரி. நான் இருப்பது இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத்துக்குக் கிட்ட ஒரு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு குடிக்கடை, ஒரு பஸ். அந்தப் பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமை வராது. பெரகல சந்தியில் இதைவிட அதிகம் கடைகள் இருக்கின்றன.

இரண்டாவது, என் உத்தியோகம். பெட்ரோல் செட்டில் நின்றேன், முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தேன். இப்போது ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் திறந்து, பெருக்கி, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லி, சாயங்காலம் பூட்ட வேண்டும். வேலை கிடைத்த அன்று அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப வாச்சர் வேலையா?" என்றாள் அக்கா.

"வாச்சர் இல்லக்கா. பராமரிப்பாளர்."

"அதான்டா சொல்றேன். நம்ம தோட்டத்துப் பங்களாவுக்கே வாச்சர் ஆளில்லாம கெடந்திச்சு. இதுக்குப் போயி பிளேன்ல ஏறியிருக்க."

அந்த வீட்டில் முன்னொரு காலத்தில் இந்த ஊர் ஃபாதர்மார் குடியிருந்திருக்கிறார்கள். அறுநூறு வருஷத்துக்கு முந்திய கட்டடம் என்கிறார்கள். இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அறக்கட்டளையில் எனக்கு மேலதிகாரி க்ளைவ் என்பவர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒரு வருஷம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார். வேலையோடு குடியிருக்க இடமும் உண்டு. வேலை போனால் இடமும் போகும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பேரேட்டில் பேர் போனால் குடியிருக்கிற காம்பராவும் போகும் என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதிலிருந்து தப்பிக் கடல் கடந்து வந்து அதே நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்ட புத்திசாலி நான்.

அந்த ஒரு வருஷம் முடிகிற வாரத்தில்தான் அக்கா இங்கே விருந்துக்கு வந்திருந்தாள். அந்த வாரத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

வீட்டைச் சொல்லாமல் கதையைச் சொன்னால் புரியாது.

இதைக் கட்டியவர்கள் முதலில் சுவர் எழுப்பவில்லை. மரத்தால் ஒரு கூடு செய்திருக்கிறார்கள். ஓக் மரத்தில் தடித்த தூண்கள், தூண்களின் தலையில் உத்தரங்கள், இரண்டையும் இழுத்துப் பிடிக்க வில்லாக வளைந்த சாய்கட்டைகள். ஒரு மரத்தில் நாக்கு, இன்னொன்றில் அந்த நாக்கு நுழைகிற துளை, இரண்டையும் சேர்த்து இறுக்கிய மரமுளை. அந்தக் கூட்டில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. வீட்டின் பாரமெல்லாம் மரத்தின் தலையில்தான். சுவருக்குப் பெரிய வேலை இல்லை, சும்மா இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. என்னை மாதிரி.

அந்தச் சுவரை எப்படிச் செய்தார்கள் என்றால், தூண்களுக்கு நடுவே குச்சிகளைப் பாய் மாதிரிப் பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணமும் மிதித்துக் குழைத்து, இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஹல்துமுல்லைப் பக்கம் வரிச்சு கட்டி மண் அப்பின வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமே இல்லை. ஆனால் இங்கே அதைப் பார்க்கப் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் தடவை விளக்கம் சொன்னபோது சாணத்துக்கு மரியாதையான இங்கிலீஷ் வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. எங்கள் தோட்டத்துச் சின்னத்துரைக்குக் கோபம் வந்தால் ஒரு வார்த்தை சொல்வார், அதுதான் வந்தது. எதிரே நின்றுகொண்டிருந்தது தேவாலயத்து மாதர் சங்கம். ஒரு பெரியம்மா மட்டும், "சரியாகத்தான் சொல்கிறார்" என்று தலையாட்டினார்.

நடுவில் ஒரு பெரிய கூடம். தரையிலிருந்து கூரை முகடு வரை மச்சு இல்லாமல் ஒரே வெளி. புகைபோக்கி கிடையாது. நடுத்தரையில் நெருப்பு மூட்டினால் புகை தானாக மேலே போய், கூரை வைக்கோலின் இண்டுகளில் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கைமரங்கள் எல்லாம் தார் பூசின மாதிரி கறுப்பு. வருகிறவர்கள் தலையை அண்ணாந்து அந்தக் கறுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். நான் பிறந்த லயத்திலும், அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலும், தகரத்துக்குக் கீழே இதே கரிதான். துரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்றால் அதைச் சுரண்டச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். இங்கே நான் துடைப்பத்தைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினாலே க்ளைவின் முகம் மாறிவிடும். அந்தக் கரி சரித்திரம். எங்கள் கரி அசிங்கம். வயசு வித்தியாசம்தான் போலிருக்கிறது. லயத்துக்கும் இன்னும் கொஞ்ச காலம் கொடுத்துப் பார்க்கலாம்.

கூடத்தின் ஒரு பக்கம் ஃபாதரின் அறைகள். மறுபக்கம் அவருக்குச் சமைத்துப்போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாவின் அறை. ஃபாதர் கல்யாணம் கட்டாதவர் இல்லையா, ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் கூடத்திலிருந்து அந்த அம்மாவின் பக்கத்துக்கு உள்வழி வைக்கவே இல்லை. அவர் தன் வாசலால் வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்வாசலால் நுழைந்து பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். எனக்குக் குடியிருக்கக் கொடுத்திருப்பது அந்த அம்மாவின் பக்கம்தான். மூக்குக் கண்ணாடியைக் கூடத்தில் மறந்து வைத்தால் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. என் மனைவி ராணி இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள்.

"அந்த ஃபாதர் மேல ஊருக்கு நம்பிக்கையில்ல. அதுக்கு நீங்க நனையிறீங்க."

ஒரே கூரை, தனித்தனி வாசல், உள்ளே போக வழி இல்லை. யோசித்துப் பார்த்தால் இதுவும் லயம்தான். ரெண்டு காம்பரா லயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எதையும் தொடுவதற்கு அனுமதி வேண்டும். முருகன் படம் போட்ட கலண்டரை மாட்ட ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். எங்கே, எந்த மரத்தில், எவ்வளவு நீளம், கழற்றினால் ஓட்டையை எதனால் அடைப்பீர்கள் என்று கேள்வி வந்தது. பதில் எழுதினேன். பதிலுக்குப் பதில் வருவதற்குள் வருஷம் மாறிவிட்டது. முருகன் நாற்காலியில் உட்கார்ந்தே அந்த வருஷத்தைக் கழித்தார்.

3

அக்காவின் பெயர் லெட்சுமி. தெமோதரைக்கு மேலே தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். வந்த அன்றே இங்கத்தைய தேயிலைப் பையை ஒன்றைக் கிழித்துக் கையில் கொட்டிப் பார்த்தாள்.

"இது தூள் இல்லடா. ஃபெக்டரியில கூட்டி அள்ளுறது."

அவள் பெட்டியைத் திறந்தால் பாதி துணி, பாதி மஞ்சள்தூள். இறக்குமதியை நிறுத்தின காலத்தில் மஞ்சள் கிடைக்காமல் நம் ஊர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதிலிருந்து அக்காவுக்கு மஞ்சள் நகை மாதிரி.

"பதுளை பஜார்ல முஸ்லிம் நானா கடையில நின்னு, கண்ணு முன்னால அரைச்சு வாங்கினது. இங்க நீங்க திங்கிறது மஞ்ச இல்ல, சாயம்" என்றாள்.

அக்கா வந்த நேரம் முன்வாசலில் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலின் இடது கால், அடியில் ஈரம் ஊறி உளுத்துப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஜூடி என்கிற தச்சர் வந்திருந்தார். அறுபதைத் தொடப் போகிற பெண், கையில் எப்போதும் உளி. நம் பக்கம் தச்சரையும் கொத்தனாரையும் பாஸ் என்போமே, அக்காவும் அவரைப் பார்த்த உடனே அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"பொம்பள பாஸா? நல்லாருக்கே" என்று பால் போடாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போய் நின்றாள். ஜூடிக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

ஜூடி முதலில் மேல் விட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார். காலின் உளுத்த அடிப்பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்தார். நல்ல மரத்தில் ஒரு விரல்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. அந்தச் சாய்வுக்குச் சரியாகப் புது ஓக் கட்டையைச் செதுக்கிச் சேர்த்து முளை அடிக்க வேண்டியது. பழைய மரம் கரும்பழுப்பு, புதுக் கட்டை வெண்ணெய் நிறம்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒட்டுப் போட்ட காற்சட்டை மாதிரி இருக்கு. கொஞ்சம் எண்ணெயும் கரியும் தடவுனா சேந்துக்குமே. கேட்டுச் சொல்லுடா."

கேட்டேன். ஜூடி தலையை ஆட்டினார். "கூடாது. பழசு பழசாகத் தெரிய வேண்டும், புதுசு புதுசாகத் தெரிய வேண்டும். பின்னாலே வருகிறவர்களை ஏமாற்றக் கூடாது. அதுதான் எங்கள் தொழில் விதி."

அக்கா யோசித்தாள். "நேர்மையான பொம்பள" என்றாள்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்ப கால் நடுறாங்க?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் என்றேன். "நல்ல நாளா இருக்கான்னு பாத்தாங்களாமா?" என்றாள். வானிலை பார்த்தார்கள் என்றேன். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். எனக்கு எச்சரிக்கை எல்லாம் பின்னாலேதான் வரும்.

4

செவ்வாய்க்கிழமை கட்டை சரியாக உட்கார்ந்தது. ஜூடி முளைகளை அடித்து இறுக்கிவிட்டு, தன் வேனில் உட்கார்ந்து பாண் ரொட்டி சாப்பிடப் போனார். நான் பின்தோட்டத்தில் ஒரு கூட்டத்துக்கு, கூரை ஏன் இவ்வளவு சரிவு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முடித்து முன்பக்கம் வந்தால், அக்கா தலை குளித்து, சேலைக்கு மேலே ராணியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிறாள்.

வாசற்கால் புதுக் கட்டை முழுக்க மஞ்சள். வெறும் தூளை அல்ல, தண்ணீரில் குழைத்து வழித்துப் பூசியிருக்கிறாள். அதன்மேல் குங்குமத்தில் மூன்று பொட்டு. எதிரே ராணி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போனில் எங்கள் மகள் ஷாமினி. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், பொட்டு வைத்துக்கொள் என்றால் முகத்தைச் சுளிக்கிறவள். அவள் அன்றைக்கு, "ஓ மை காட் அத்தை, சோ பியூட்டிஃபுல்" என்று போனுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சத்தம் வரவில்லை. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தாள். கற்பூரமும் நெருப்புப் பெட்டியும். மேலே பார்த்தேன். ரெண்டு ஆள் கனத்துக்குக் காய்ந்த வைக்கோல் கூரை. சத்தம் வந்துவிட்டது.

"அக்கா, நெருப்புப் பெட்டியைக் கீழ போடு."

"ஏன்டா கத்துற. ஒரு சுத்துதான்."

"ஒரு சுத்துக்கே ஊரே எரியும்."

கற்பூரத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அப்போதுதான் சுவரைக் கவனித்தேன். அக்காவின் கை பட்டு, வாசற்காலை ஒட்டிய சுண்ணாம்புச் சுவரிலும் மஞ்சள் பட்டிருந்தது. ஆனால் அங்கே அது மஞ்சளாக இல்லை. இரத்தச் சிவப்பு. ஐந்து விரலும் தெரிகிற மாதிரி. ஒரு ஃபாதர் வீட்டு வாசலில் இரத்தக் கை. பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர், இங்கே கொலை ஏதும் நடந்திருக்கிறதா என்று ஆர்வமாகக் கேட்டார்.

மஞ்சள் வேண்டுமானால் மரத்தில் இருக்கட்டும், இந்தச் சிவப்பை மட்டுமாவது யாரும் பார்ப்பதற்குள் மறைத்துவிடுவோம் என்று கொட்டகைக்கு ஓடினேன். அங்கே சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாளி இருந்தது. நல்ல தடிப்பாக ஒரு பூச்சு அடித்தேன். முதலில் வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஜா நிறமானது. இன்னொரு பூச்சு. இன்னும் சிவந்தது. தூரிகையால் பரவி, கையளவு இருந்தது தாம்பாளம் அளவாகிவிட்டது.

ராணி பின்னாலே வந்து நின்று அமைதியாகக் கேட்டாள்.

"என்னங்க, ஆலாத்தி கரைக்கிறீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது நம்மில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எத்தனை ஆலாத்தித் தட்டு பார்த்திருப்பேன். ஏன், என் கல்யாணத்திலே என் முகத்துக்கு முன்னாலேயே சுற்றினார்கள். அறுநூறு வருஷத்து வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்குகிறவன், இதைக் கோட்டை விட்டேன்.

ஜூடி பாணை மென்றபடியே வந்து பார்த்தார். கட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார்.

"கட்டையில் இருப்பதற்குப் பயப்படாதே. என் மேசைத்துணியில் கறி கொட்டினால் வெயிலில் போடுவேன், போய்விடும். சுவரில் நீ செய்து வைத்திருப்பதுதான் பிரச்சினை."

வெயில். இந்த நாட்டில், இந்த மாதத்தில். அடுத்த ரெண்டு நாளும் நான் விடிந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். அப்புத்தளையில் மழைக்காலத்தில் பனி இறங்குமே, அதே மாதிரி ஒரு சாம்பல் போர்வை. அதற்குள் ஷாமினி, அத்தை வாசலுக்கு மஞ்சள் பூசுகிற படத்தைத் தன் சிநேகிதர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தாள். என்னிடம் தமிழ் பேசக் கூச்சப்படுகிற பிள்ளை, அத்தையின் மஞ்சளை உலகத்துக்கே காட்டிவிட்டது. அழிக்கச் சொல்லிப் போன் செய்தேன்.

"அப்பா, எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. யூ ஷுட் பி ப்ரவுட்."

"ப்ரவுட்டா இருக்கேன்மா. குடியிருக்க எடம் போகப் போகுது, அதான்."

வியாழக்கிழமை க்ளைவ் போன் செய்தார். வழக்கம்போல மெதுவாகப் பேசினார். "ஒரு சுவாரசியமான படத்தைப் பார்த்தேன். நாளைக்கு வருகிறேன்" என்றார். இங்கே ஒருவர் சுவாரசியம் என்று சொன்னால் பெட்டி கட்ட ஆரம்பிக்கலாம். ராணி உண்மையிலேயே அலமாரியைத் திறந்து எது எது எங்கள் சாமான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்காமலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னால ஒனக்கு வேலைக்குப் பங்கம் வருமாடா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா. துரை சும்மா சுத்திப் பாக்க வர்றாரு."

"துரை சும்மா சுத்திப் பாத்ததே இல்லயே" என்றாள் அக்கா.

5

வெள்ளிக்கிழமை க்ளைவ் குடையோடு வந்தார். வாசற்காலுக்கு முன்னால் குந்தியிருந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவினார். முளைகளைத் தட்டிப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி அந்தச் சிவப்புத் தாம்பாளத்தை நெடுநேரம் பார்த்தார். ஜூடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள், தலைமைக் கங்காணியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி.

"இவர்தான் பூசினாரா?" என்றார் க்ளைவ். "ஏன் என்று அவரிடம் கேட்க முடியுமா?"

கேட்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தே பேசினாள்.

"நா பொறந்தது லயத்துல தொரை. லயத்துக்கு வாசக்கால் வெச்சது வெள்ளக்காரன். எங்காளுக யாரும் கூட நின்னு பாக்கல, ஒரு பொட்டு வெக்கல. எங்கம்மா வெக்கல, நா வெக்கல. வயசான பொறகு எனக்குன்னு ஒரு வூடு குடுத்தாங்க. வாசக்கால் வெக்கிறப்ப வெக்கணும்னு மஞ்சத்துணி, நவதானியம், குங்குமம் எல்லாம் முடிஞ்சு வெச்சிருந்தேன். வூடு கட்டுற கொந்தராத்துக்காரன் நா மலையில கொழுந்து எடுக்கிறப்ப வந்து, நட்டு, சீமெந்து பூசிட்டுப் போயிட்டான். அந்தியில வந்து பாத்தா கதவே போட்டிருக்கு. முடிஞ்சு வெச்சத அப்படியே அவுத்து சமையலுக்குப் போட்டுட்டேன். இப்ப என் தம்பி இருக்கிற வூட்டுக்குக் கால் மாத்துறாங்க. நா கிட்டயே நிக்கிறேன். இதையும் சும்மா விட்டுட்டுப் போனா, நா எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

எனக்குத் தெரியாது. அவளுக்கு வீடு கிடைத்தது தெரியும், படம் அனுப்பினாள், நான் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். இந்தக் கதை தெரியாது.

க்ளைவ் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதிர்ஷ்டத்துக்காகச் செய்தது என்கிறார்" என்றேன்.

ஜூடி புருவத்தைத் தூக்கினார். "அவ்வளவு நேரம் பேசினாரே. அவ்வளவுதானா?"

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. "நா சொன்னது ஒரு கூடை. நீ கொட்டுனது ஒரு பிடி. முழுசாச் சொல்லுடா."

முழுசாகச் சொன்னேன். பகிடி பண்ணுவதற்கு எனக்கு இங்கிலீஷ் போதும், இதற்குப் போதவில்லை. லயம் என்றால் என்ன என்று நடுவில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அம்மாவைப் பற்றிய இடத்தில் இன்னொரு தடவையும் நிறுத்த வேண்டியிருந்தது, அது மொழி தெரியாமல் அல்ல. ஒன்றை மட்டும் நானாகவே விட்டுவிட்டேன். கற்பூரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு ஜூடி, "நானும் ஒட்டுக்குள்ளே இந்த வருஷத்து நாணயம் ஒன்றை வைத்துத்தான் முளை அடித்தேன். நாங்கள் எப்போதும் வைப்போம்" என்றார்.

"அது என் காதில் விழவில்லை" என்றார் க்ளைவ். "எப்போதும் விழுவதில்லை."

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். வாசற்காலை இன்னொரு தடவை பார்த்தார்.

"நம் விதி என்ன? புது வேலை, பழசிலிருந்து பிரிந்து புதுசாகத் தெரிய வேண்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிகிறது."

அவர் சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஜூடி சிரித்தார்.

மஞ்சள் வெயிலில் போகட்டும், யாரும் தேய்க்க வேண்டாம் என்றார். சுவரில் அந்தச் சிவப்பு இருக்கிற அளவுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுசாக அடிக்க வேண்டும். அதைக் கெடுத்தவர் செய்வது நல்லது, ஜூடி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கெடுத்தவர் என்று சொன்னபோது அவர் பார்த்தது அக்காவை அல்ல. அவளுடைய கையளவை நான்தானே தாம்பாளம் ஆக்கினேன்.

குடையை விரித்துக்கொண்டு படி தாண்டினவர் திரும்பி நின்றார். "அந்தச் சுவரை முடித்த பிறகு சொல்லுங்கள். நிரந்தரம் ஆக்குவதற்கான தாளை நானே கொண்டு வருகிறேன். இந்த வீட்டில் அறுநூறு வருஷமாகப் பலர் குடியிருந்திருக்கிறார்கள். உறவினர் மஞ்சள் கொண்டுவந்த குடித்தனக்காரர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்."

அவர் போன பிறகு அக்காவுக்குச் சொன்னேன். ராணி வாசற்படியைத் தாண்டி வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தப் போனாள்.

"பாத்தியா" என்றாள் அக்கா. "பொட்டு வெச்சதுக்கு வேலை கெடச்சிடுச்சு."

"பொட்டு வெச்சதுனால போகப் பாத்துச்சுக்கா."

"போச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன பேச்சு?"

6

ரெண்டு நாள் சுரண்டினேன். ஜூடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்காவின் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்று சொன்னார். சுண்ணாம்புக்கு அடியில் மண் தெரிந்தது. மண்ணுக்குள் வைக்கோல், பின்னின குச்சி. எவனோ ஒருவன் மிதித்துக் குழைத்து அப்பினது. புதுச் சுண்ணாம்பை மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக அடித்தோம். வெள்ளையாகவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை வெயில்கூடக் கொஞ்சம் வந்தது. வாசற்காலில் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. குங்குமம் மட்டும் அசையவில்லை.

அக்கா கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அந்த ஃபாதர் வாசலுக்கு வெச்சாச்சு. நீ குடியிருக்கிற வாசலுக்கு வெக்காமப் போனா நல்லாருக்காதுடா."

அன்றைக்கே வீட்டிலிருந்த மஞ்சளை எல்லாம், அக்கா பெட்டியில் இருந்ததையும் சேர்த்து, ஒரு பையில் கட்டி ஜூடியின் வேனில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா பிளேன் ஏறும் வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஜூடி பெரிய பொறுப்பை ஏற்கிற முகத்தோடு வாங்கி வைத்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பு, பருப்பு, பொரியல் எல்லாமே வெள்ளை.

"என்னா ராணி, பருப்புக்கு மஞ்ச போடலையா?" என்றாள் அக்கா.

ராணி என்னைப் பார்த்தாள்.

"இந்த ஊர்ப் பருப்பு அப்படித்தாங்க்கா. வெயில் பத்தாம வெளுத்துப் போயிருக்கும்" என்றேன்.

அக்கா ஒரு வாய் எடுத்து வைத்து, மெதுவாக மென்று, ராணியைப் பார்த்துத் தலையாட்டினாள். அவள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அக்காவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, வழக்கம்போல முன்பக்கம் திறக்கப் போக எங்கள் வாசலால் வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தத் திரும்பினபோதுதான் கண்ணில் பட்டது. எங்கள் வாசற்காலில், கண்ணுக்கு நேரே, மெல்லிசாக மஞ்சள், அதில் மூன்று பொட்டு. ரொம்ப நிதானமாக வைத்திருக்கிறாள். மஞ்சளுக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு.

ஜூடி முன்வாசலில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சளைப் பத்திரமாக வைக்கச் சொன்னேனே என்று கேட்டேன்.

"அவருடைய மஞ்சள்" என்றார் ஜூடி. "அவர் கேட்டார், கொடுத்தேன். சுவரில் படாமல் இருக்க ஒரு பலகையும் வெட்டிக் கொடுத்தேன்."

க்ளைவ் தாளில் கையெழுத்து வாங்க மத்தியானம் எங்கள் பக்கம் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் திரும்பிப் போய், கையிலிருந்த குடையை விரித்தபடியே பொட்டுக்கு முன்னால் வாசற்காலோடு சாத்தி வைத்தேன். பிறகு நனைந்துகொண்டே வீட்டைச் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்தேன்.